வேடன்குளத்துக்கு ஒரு டாக்டர் வேஷம்

எங்கள் வேடன்குளத்து மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஒன்பது வயதுவரை எங்கள் தெருப் புழுதியில் புரண்டு, எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் சுத்தமான உச்சரிப்போடு பேசக் கற்றுக்கொண்டு, பாதிரியாரான அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் குடும்பத்தோடு கப்பலேறி அமெரிக்கா போய்விட்ட ஆர்தர் லோவல் பிரிக்ஸ் என்பவர், அங்கே முதலில் நாடகத்திலும் பிறகு சினிமாவிலும் நடிகராகி முப்பது வேஷங்களுக்கு மேல் கட்டினார் என்பதும், அந்த வேஷங்கள் ஒவ்வொன்றும் அங்கே ஜோலி முடிந்த கையோடு, திண்டுக்கல்லிலிருந்து வரும் நாலு பத்து பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கிவிடும் என்பதும் வேடன்குளத்தில் யாருக்கும் புதிய செய்தியல்ல. அசலூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். பிளந்த வாயை மூடிக்கொண்டு அவர்கள் அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள், நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம்.

முதலில் வந்தவர் பட்லர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக, கையில் ஒரு வெள்ளித் தட்டை ஏந்திக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். எங்கே ஏறினார் என்று கண்டக்டருக்குத் தெரியவில்லை. ஆனால் டிக்கெட் சரியாக இருந்தது. நேரே எதிரில் இருந்த கனி ராவுத்தர் ஓட்டலுக்குள் நுழைந்து, இடுப்பை வளைத்து, "அம்மணி, விருந்து தயார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நின்றார். ராவுத்தருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஓட்டல் தெரியும்.

"தட்டப் பிடிச்சிருக்கிற பிடியிலயே தெரியுது, தொழில் தெரிஞ்ச ஆளு. உள்ள வாங்க, ரெண்டாவது மேஜைக்கு நாலு பரோட்டா" என்றார் ராவுத்தர்.

அன்றைக்கு நோயாளிகளுக்கு ரொட்டி வாங்க வந்திருந்த நர்ஸ் எப்சிபாதான் அந்த முகத்தை அடையாளம் கண்டவர். மிஷன் விடுதியில் வளர்ந்த எப்சிபா, தன்னைவிட ஏழு வயது சின்னவனான ஆர்தரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர். அவன் இடது புருவத்தில் கிட்டிப்புள் பட்டுப் பிளந்த அன்றைக்கு, தன் தாவணியைக் கிழித்துக் கட்டியவர். பட்லரின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தழும்பு இருந்தது.

"மூஞ்சி நம்ம ஆத்தரு மூஞ்சிதான். ஆனா இது ஆத்தரு இல்ல. ஆத்தரா இருந்தா இந்நேரம் எப்சியக்கான்னு ஓடி வந்து கட்டிப் பிடிச்சிருப்பான்" என்றார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆர்தரின் அம்மாவிடமிருந்து வந்த வாழ்த்து அட்டையில், மகன் நியூயார்க்கில் ஒரு நாடகத்தில் பட்லராக நடித்ததாகவும், அது மூன்று மாதம் ஓடி ஐப்பசியில் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தது. அடுத்து ரோமாபுரிச் சிப்பாய் ஒருவர் ஈட்டியோடு இறங்கினார், அதே தழும்பு. அதற்கடுத்துக் குதிரையில்லாத ஒரு குதிரைக்காரர். தொப்புள்கொடியை ஆஸ்பத்திரி வளாகத்தில் புதைத்ததால்தான் இப்படி என்று ஒரு கட்சி, பஸ் முதலாளிக்கு ஏதோ வேண்டுதல் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வந்தவர்களுக்குச் சோறும் இடமும் பார்க்க வேண்டியிருந்தது. எப்சிபா விஷயத்தை எழுதிப் போட்டதற்கு ஆர்தரிடமிருந்து இரண்டே வரி பதில் வந்தது: "ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் உடம்பிலிருந்து ஒரு கனம் இறங்கும். எங்கே போகிறது என்று யோசிப்பேன், நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறது."

ஆர்தர் பெரிய நடிகர் இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. கதாநாயகனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவர், வில்லனால் முதல் பத்து நிமிஷத்தில் சுடப்படுகிறவர், கோர்ட்டில் ஓரமாக எழுந்து நிற்கிறவர், இவர்கள்தான் அவருக்குக் கிடைத்த வேஷங்கள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ராஜாக்களும் காதல் மன்னர்களும் வந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. ரோமாபுரிச் சிப்பாய் பெரிய குளத்து மடைக்குக் காவல் போனார், தண்ணீர் திருட்டு நின்றது. "கையைத் தூக்கு" என்ற ஒரே வசனத்தோடு வந்த கொள்ளைக்காரரைக் கூட்டுறவுப் பண்டகசாலைக்கு வாட்ச்மேனாகப் போட்டோம். "ஆட்சேபிக்கிறேன்" என்பதைத் தவிர வேறொன்றும் அறியாத வக்கீலைப் பஞ்சாயத்தில் உட்கார வைத்தது மட்டும் தப்பு. அதற்குப் பிறகு ஊரில் எந்தத் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் நிறைவேறியதில்லை. சுடப்பட்டுச் செத்த வேஷங்களும் உயிரோடுதான் வந்தன, சட்டையில் மட்டும் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை மேல் டெய்லர் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்துவிடுவார்.

எல்லாருக்கும் ஒரே முகம் என்பது கொஞ்ச நாள் தொல்லையாக இருந்தது. மீசையை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும் என்பதால், வந்தவர்கள் யாரும் பஞ்சாயத்தைக் கேட்காமல் மீசையை எடுக்கவோ வைக்கவோ கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டோம் (வக்கீல் ஆட்சேபித்தார்). ஐம்பத்திரண்டு தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த குமாஸ்தா, தகப்பனார் பெயர் என்ற இடத்தில் பதினான்கு பேருக்கும் "ஆத்தர்" என்று எழுதிவிட்டு, இவ்வளவு பெரிய குடும்பத்தில் ஒருவர்கூடத் தேர்தலில் நிற்கவில்லையா என்று ஆச்சரியப்பட்டுப் போனார். வரும்போது வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவர்கள், ஆறே மாதத்தில் தமிழ் பேசி, பல் விளக்க வேப்பங்குச்சி கேட்டார்கள். குதிரைக்காரர் ஒரு படி மேலே போய்ப் புட்டுக்கடை வீராயியைக் கல்யாணமும் செய்துகொண்டார். ஆனால் தொழில் என்று ஒன்று, வேஷத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் வரும். அதைப் புரிந்துகொள்ளாமல்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் வயதாகி ஊர் திரும்பிவிட்டார். பன்னிரண்டு கட்டிலும், மருந்து அலமாரியும், எப்சிபாவும்தான் மிச்சம். அப்போது அவர் தலைமை நர்ஸ், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு வீடு அறியாதவர். புது டாக்டர்கள் வந்தார்கள், பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியைப் பார்த்தார்கள், அதே பஸ்ஸில் திரும்பினார்கள். மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டியில் நோயாளிகளைப் படுக்க வைத்துக் கொண்டுவருகிறவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "டாக்டரு இருக்காரா?" என்று கேட்பார்கள். "இல்ல" என்று எப்சிபா சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்ததைச் செய்து, மீதிக்குத் திண்டுக்கல் போகச் சொல்லுவார். போன எல்லா வண்டியும் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு முடி நரைத்தது என்று ஊரில் சொல்வோம், அது பொய்யில்லை.

இதற்கு மேல் மதுரையிலிருந்து மிஷன் கண்காணிப்பாளர் தேவவரம் கடிதம் எழுதினார். ஐம்பத்தொன்பது டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் ஒரு டாக்டர் பணியில் இல்லையென்றால் ஆஸ்பத்திரி மூடப்படும், கட்டில்கள் வேறு ஊருக்குப் போகும்.

யோசனை சொன்னவர் போஸ்ட்மாஸ்டர் ஒச்சப்பன். ஊருக்கு வரும் கடிதங்களையெல்லாம் ஊருக்குப் பொது என்று நினைக்கிற மனிதர்.

"ஏன் சிஸ்டரம்மா, இத்தன வருஷமா ஆத்தரு அவராப் பாத்து அனுப்புனதத்தான் நம்ம வாங்கிட்டிருக்கோம். நமக்கு என்ன வேணும்னு ஒரு தடவ கேட்டா என்ன? டாக்டரு வேஷம் ஒண்ணு கட்டச் சொல்லுங்க."

எப்சிபா எழுதினார். ஐம்பத்தெட்டு ஆடியில் டாக்டர் வந்தார். கறுப்புப் பை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கொஞ்சம் நரைத்த காதோர முடி, பார்த்தாலே பாதி நோய் குணமாகிற முகம். கொட்டு மேளத்தோடு அழைத்துப் போனோம். முதல் நோயாளி என்ற மரியாதை கனி ராவுத்தருக்கு. அவருக்கு ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல்லில் வலி.

டாக்டர் ராவுத்தரின் வாய்க்குள் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். தலையைக் குனிந்து, ராவுத்தர் தோளில் கையை வைத்து, நெஞ்சு உருகும் குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் ராவுத்தர்.

எப்சிபா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஒண்ணுமில்ல பாய்."

"அவருக்குக் கண்ணு கலங்கியிருக்கு, ஒண்ணுமில்லங்கிறியே. சொல்லும்மா, நான் தாங்கிக்குவேன்."

"மன்னிக்கணுமாம். எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சுட்டோம்னு சொல்றாரு."

ராவுத்தர் வீட்டுக்குப் போய், மூன்று மகன்களையும் கூப்பிட்டு ஓட்டலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, கிழக்கே தலை வைத்துப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் பல் தானாக விழுந்து, வலி நின்று, அவர் எழுந்து உட்கார்ந்தபோது, கொடுத்த ஓட்டலைத் திரும்ப வாங்கப் பெரும்பாடாகிவிட்டது. அதற்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் டாக்டர் முகத்தைப் பார்த்தே மயங்கி விழுந்தான், சிரங்குக்கு வந்தவன் உயில் எழுதினான், படுத்திருந்த ஒன்பது நோயாளிகளும் சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போய்க் குணமானார்கள். பாவம், டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரைத் துக்க வீடுகளுக்கு அழைத்துப் போகத் தொடங்கினோம். அங்கே அவர் வாயைத் திறந்தால் போதும், பத்து வருஷமாகப் பேசாத பங்காளிகள்கூடக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவார்கள். சுற்றுப்பட்டிலிருந்து அவருக்கு வண்டி கட்டி அனுப்பினார்கள்.

ஆர்தரின் பதில் வந்தது. ஒன்பது வயதில் எந்த எழுத்தோடு ஊரை விட்டுப் போனாரோ அதே எழுத்து, பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு மேல் குண்டு குண்டாக.

"அன்புள்ள எப்சியக்கா, தப்பு என் மேல். இந்த ஊர்ப் படங்களில் சின்ன நடிகனுக்கு டாக்டர் வேஷம் கொடுத்தால் அதற்கு ஒரே வேலைதான். கதவைத் திறந்து வந்து அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, குடும்பம் அழ ஆரம்பித்ததும் நகர்ந்துவிட வேண்டும். குணமாக்குகிற டாக்டர் கதாநாயகன். அந்த வேஷத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை, கேட்க வெட்கம். இப்போது டெலிவிஷனில் ஒரு நாடகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மலையூர் டாக்டர் ஒருவரின் கதை. உங்களுக்காகப் போய்க் கேட்கிறேன்."

டெலிவிஷன் என்றால் வீட்டுக்குள்ளேயே படம் தெரிகிற பெட்டி என்று ஒச்சப்பன் விளக்கினார். "அப்ப டிக்கெட்ட யாரு கிழிப்பா?" என்றார் ராவுத்தர்.

போய்க் கேட்ட ஆர்தருக்கு வேஷம் கிடைத்தது. மற்ற நடிகர்கள் எல்லாரும் நோயாளியின் முகத்தைப் பார்த்து வசனம் பேசியபோது, இவர் மட்டும் எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தபடி முதலில் கையைக் கழுவிவிட்டு, நாடியைப் பிடித்து, வாய் பேசாமல் எண்ணிக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்தே எடுத்துவிட்டார்கள். எப்சிபாவுக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினார்: பாம்புக்கடி, தேள்கடி, வாந்திபேதி, மலேரியா, கால் முதலில் வரும் பிரசவம், பனை மரத்திலிருந்து விழுந்த எலும்பு முறிவு, கண் நோய், காமாலை என்று நாற்பது இனங்கள். வாரம் ஒன்றாக நடித்துவிடு தம்பி, ஒன்றையும் விடாதே என்று அடியில் எழுதினார்.

ஆர்தர் ஒன்றையும் விடவில்லை. ஐம்பத்தொன்பது பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும், நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போய்விடுகிற நேரடி ஒளிபரப்பில், பனி கொட்டும் ஓர் அமெரிக்க மலையூரில், ஆள் மாற்றி ஆளைப் பாம்பு கடித்தது, தேள் கொட்டியது, காமாலை பிடித்தது. பனிக்காலத்தில் தேள் எப்படி வரும் என்று கதை எழுதுகிறவர் கேட்டதற்கு, விறகுக் கட்டோடு வரும் என்று ஆர்தர் சொன்னாராம். பனை மரத்துக்குத்தான் சிரமப்பட்டார்கள், கடைசியில் தந்திக் கம்பத்திலிருந்து விழ வைத்தார்கள். நிஜ டாக்டர் ஒருவர் பக்கத்தில் நின்று, ஊசி எங்கே போடுவது, கட்டு எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். போஸ்டாபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில், கடிதம் வர வர ஒச்சப்பன் சிவப்பு மையால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். கார்த்திகையில் நாற்பதும் சிவந்துவிட்டது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. நாடகம் முடிந்தால்தான் வேஷம் பஸ் ஏறும். நாடகமோ முடிகிற வழியாக இல்லை. அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் தெருவே காலியாகக் கிடந்ததாம். நாடகத்துக்குப் படியளந்து, நடுவில் ஒரு நிமிஷம் டாக்டரையே தன் சோப்பைப் புகழவும் வைத்த சோப்புக் கம்பெனி, ஆர்தரிடம் ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது.

"எப்சியக்கா, நேற்று ரொட்டி வாங்கப் போனேன்" என்று ஆர்தர் எழுதினார். "ரொட்டிக்கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குக் கை கொடுத்தாள். முப்பத்தெட்டு வயதில், என் பெயரை நான் சொல்லாமலே ஒருவருக்கு என்னைத் தெரிந்திருப்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷமாகவும் இருக்கிறது, உங்களை நினைத்தால் சங்கடமாகவும் இருக்கிறது. டிசம்பருக்குள் என்ன செய்வதென்று தெரியவில்லை."

அதைக் கேட்ட ஊர் வேண்டுதலில் இறங்கியது. காளியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தோம், தர்காவில் சர்க்கரை வைத்துப் பாத்தியா ஓதினோம், சர்ச்சில் மூன்று நாள் உபவாச ஜெபம். மூன்று இடத்திலும் ஒரே விண்ணப்பம்தான்: ஆத்தர் நாடகம் படுத்துவிட வேண்டும், ஜனங்கள் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட வேண்டும். வந்தவர்கள் முப்பத்தொரு பேரும் ஒரே முகமாக முன்வரிசையில் மண்டியிட்டிருந்தார்கள். சர்ச்சில் போதகர் உரத்த குரலில் இதை ஆண்டவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எப்சிபா நடுவில் எழுந்தார்.

"நிறுத்துங்க ஐயரே. ஒருத்தன் பொழப்பு கெடணும்னு வேண்டுறதுக்கா இங்க வந்து முட்டி போட்டிருக்கோம்? பதினஞ்சு வருஷமா கதவத் திறந்து விட்டுட்டு நின்ன பய, இப்பத்தான் கதவு வழியா உள்ள போயிருக்கான்."

"டாக்டரு வேணாமா சிஸ்டரம்மா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எனக்கு வேணாமா? இந்த ஊர்ல என்னவிட யாருக்குய்யா வேணும்?" என்றார் எப்சிபா. தானும் தனியாக இரண்டு தடவை அதே வேண்டுதலை வேண்டிக்கொண்டதைப் பல வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஆர்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். மிஷன் தேதியைத் தள்ளி வைத்துவிட்டது, இரண்டு வருஷத்துக்கு அவசரமில்லை, நீ எதையும் விட்டுக் கொடுக்காதே, நல்லா நடி, ரொட்டிக்கடைக்காரிக்கு என் வாழ்த்தைச் சொல். எப்சிபா வாழ்க்கையில் எழுதிய ஒரே பொய் அதுதான். அதை ஒச்சப்பன் வழக்கம்போலப் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு வெகுநேரம் பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடிதத்தின் அடியில் பேனாவை அழுத்தி எழுதினார்: "மேலே கண்டது பொய். தேதி தள்ளவில்லை. சிஸ்டரம்மா சாப்பிடுவதும் இல்லை. இப்படிக்கு, போஸ்ட்மாஸ்டர்." பக்கத்தில் தேதி முத்திரையையும் ஓங்கிக் குத்தி, ஒட்டி அனுப்பிவிட்டார்.

இனிச் சொல்வது ஒரு மாதம் கழித்து ஆர்தர் எழுதியும், அவர் அனுப்பிய பத்திரிகைத் துண்டுகளில் படித்தும் நாங்கள் அறிந்தது. டிசம்பர் இருபத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. கதைப்படி அன்றைக்கு மலையூர் டாக்டருக்கே டைபாய்டு. ஊர் ஜனம் வெளியே மெழுகுவர்த்தியோடு நிற்க, கடைசி நிமிஷத்தில் அவர் கண் திறந்து, கொஞ்சம் சூப் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். எல்லாரும் சிரிக்க வேண்டும். சோப்பு விளம்பரம் வர வேண்டும். கடைசி நிமிஷம் வந்தது. ஆர்தர் கண்ணைத் திறக்கவில்லை. நர்ஸாக நடித்த பெண், "டாக்டர், சூப் கொண்டு வரட்டுமா?" என்று தானாகவே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள், இரண்டு தடவை. கண்ணாடி அறைக்குள் டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். படமாக இருந்தால் வெட்டியிருக்கலாம், இது நேராகக் கோடி வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆர்தர் கண் திறந்தார். கேமராவைப் பார்த்து, யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு செத்துப்போனார். சாவதில் அவருக்குப் பதினோரு தடவை அனுபவம் உண்டு, ஒரு குறையும் வைக்கவில்லை. நர்ஸ் பெண் நிஜமாகவே அழுதாள், மெழுகுவர்த்தி பிடித்தவர்கள் அழுதார்கள், ரொட்டிக்கடைக்காரி மறுநாள் கடை திறக்கவில்லை.

செத்தவரை அடுத்த செவ்வாய்க்கிழமை எழுப்ப முடியாதே. சோப்புக் கம்பெனி அவரை வெளியே தள்ளியது. நாலு வருஷத்துக்கு ஒருவரும் ஒரு பட்லர் வேஷம்கூடத் தரவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "இதுவரை நான் செத்ததெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்து" என்று எழுதியிருந்தார். "இது ஒன்றுதான் நானாகப் பார்த்துச் செத்தது. நன்றாக இருந்தது." அந்தக் கடைசி வாக்கியம் லத்தீன் என்று ஒரு பத்திரிகையும், செவ்விந்தியர் பாஷை என்று ஒரு பேராசிரியரும் எழுதினார்கள்.

ஆனால் டிசம்பர் முப்பத்தொன்று மத்தியானம் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், தேவவரம் ஐயா ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார், கையில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது என்பதுதான். நல்ல மனிதர், பூட்டை மேஜை மேல் வைக்கவும் கூசி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்சிபா பன்னிரண்டு கட்டில்களையும் துடைத்துப் புது விரிப்புப் போட்டார், யாரோ படுக்கப் போவதுபோல. பஸ் ஸ்டாண்டுப் பக்கமே அவர் போகவில்லை. அங்கே ஒச்சப்பன் மட்டும் ஒரு மாலையைச் சட்டைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, நாலு மணியிலிருந்து நின்றார்.

நாலு பத்து ஆயிற்று, பஸ் இல்லை. நாலரை. வழியில் டயர் பஞ்சராம். ஐந்து மணிக்கு ஒச்சப்பன் சட்டைக்குள்ளிருந்து சாமந்தி உதிர ஆரம்பித்தது. ஐந்தே காலுக்குப் பஸ் வந்தது. கோழிக் கூடைக்காரி இறங்கினாள், இரண்டு ஆசாரிமார் இறங்கினார்கள், பிறகு கோடு போட்ட பைஜாமாவும் வெறுங்காலுமாக, செத்த கட்டிலிலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலத்தில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு, இடது புருவத்தில் தழும்போடு அவர் இறங்கினார். ஒச்சப்பன் மாலையைப் போடவே மறந்துபோய், "வந்துட்டாரு! டாக்டரு வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார். கடைகள் காலியாயின. மடையிலிருந்து சிப்பாயும், பண்டகசாலையிலிருந்து கொள்ளைக்காரரும், ஓட்டலிலிருந்து தட்டோடு பட்லரும் வந்துவிட்டார்கள்.

தேவவரம் ஐயா பைஜாமாவை ஏற இறங்கப் பார்த்தார். நாங்கள் ஏற்கனவே ஒரு டாக்டரைக் காட்டி ஏமாந்த கதை அவருக்கும் தெரியும். "வாந்திபேதிக்கு என்ன செய்வீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். டாக்டர் சொல்ல ஆரம்பித்தார். உப்பு நீர் எவ்வளவு, எத்தனை நாழிகைக்கு ஒரு தடவை, நரம்பில் ஏற்றுவதென்றால் எப்போது என்று நிறுத்தாமல் சொல்லி, நடுவில் ஓரிடத்தில் மட்டும் புன்னகையோடு திரும்பி, கை கழுவ எந்தச் சோப்பு உத்தமம், அதன் நுரை எவ்வளவு மிருது என்று ஒரு நிமிஷம் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாம்புக்கடிக்கும் அப்படித்தான், பிரசவத்துக்கும் அப்படித்தான். "சோப்பைப் பற்றி இவ்வளவு கவனமாகச் சொல்லும் டாக்டரை நான் பார்த்ததில்லை" என்று தேவவரம் ஐயா கண் விரியச் சொல்லி, பூட்டை ஜீப்பில் வைத்துவிட்டு வந்தார்.

எப்சிபா இதையெல்லாம் வார்டு வாசலில் நின்று பார்த்தார். நம்பி ஒரு தடவை ஏமாந்தவர், அதனால் கிட்டே வரவில்லை. டாக்டர் உள்ளே போய், ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைப் பைஜாமா மேல் மாட்டி, கையைக் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, அமெரிக்காவில் கோடி வீடுகளில் கேட்டும் ஒருவருக்கும் விளங்காத அந்த வாக்கியத்தை, எங்கள் தெருப் புழுதி ஒட்டிய தமிழில், வாசலைப் பார்த்துச் சொன்னார்.

"எப்சியக்கா, அடுத்த ஆள உள்ள விடுங்கக்கா."

வந்த முப்பத்தொரு பேரில் ஒருவர்கூட எப்சிபாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. எப்சிபா கதவைப் பிடித்துக்கொண்டு, "அடப்பாவி, எல்லாத்தையும் விட்டுட்டியாடா" என்று, அங்கே இல்லாத ஒருவரைத் திட்டி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம். வெட்கப்பட என்ன இருக்கிறது.

வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. மலையடிவாரத்துப் பெண் ஒருத்தி, காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை முழங்கையால் விலக்கி வந்தாள். அவளுக்கு ஆர்தரையும் தெரியாது, அமெரிக்காவையும் தெரியாது. ஒரே முகத்தோடு முப்பத்தொரு பேர் நிற்பதைக்கூட அவள் பார்க்கவில்லை. வெள்ளை உடுப்பைப் பார்த்து நேரே எப்சிபாவிடம் வந்தாள்.

"அம்மா, டாக்டரு இருக்காரா?"

எப்சிபா கண்ணைத் துடைத்தார், கொஞ்சம் நிமிர்ந்தார்.

"இருக்காரு தாயி" என்றார். "உள்ள போ."